வாரம் ஒரு மணி நேரம்: கிங்ஸ்டன் குழந்தைகளின் கதை

[காட்சி: காலி பிளாஸ்டிக் பாட்டில், உள்ளே நாலைந்து கூழாங்கல். மூடியைத் திருகி ஆட்டுகிறது ஒரு கை.]

குரல்: இந்தக் கிலுகிலுப்பைக்கு செலவு ஒரு பைசா கிடையாது. இந்த மாதிரி சாமான்களைப் பையில போட்டுக்கிட்டு, 1986-87-ல ஜமைக்காவோட தலைநகர் கிங்ஸ்டன்ல சுகாதாரப் பணியாளர்கள் வீடு வீடா போக ஆரம்பிச்சாங்க. பின்னால இருந்தவங்க சாலி கிரந்தம்-மெக்ரெகர்ங்கிற மருத்துவரும் அவங்க குழுவும்.

மொத்தம் 129 குழந்தைங்க. 9 மாசத்துல இருந்து 24 மாசம் வரைக்கும் வயசு. எல்லாரும் ஏழை வீட்டுப் பிள்ளைங்க, வயசுக்கேத்த உயரம் இல்லாதவங்க. நாலு பிரிவா பிரிச்சாங்க. ஒரு பிரிவுக்கு வாரம் ஒரு கிலோ பால் பவுடர். இன்னொண்ணுக்கு வாரம் ஒரு மணி நேரம் விளையாட்டு. மூணாவதுக்கு ரெண்டும். நாலாவதுக்கு ரெண்டுமே இல்ல. ரெண்டு வருஷம் இப்படியே நடந்துச்சு.

[காட்சி: தரையில் குழந்தை, எதிரே அம்மா. பணியாளர் சற்றுத் தள்ளி.]

விளையாட்டுன்னா, வந்தவங்க குழந்தைக்குப் பாடம் எடுக்கறதுன்னு நெனைச்சிடாதீங்க. அவங்க கத்துக்கொடுத்தது அம்மாவுக்கு. குழந்தை பாட்டிலை உருட்டி விடுது. "எங்க போச்சு?"ன்னு அம்மா கேக்கறாங்க. குழந்தை திரும்பிப் பாத்து ஒரு சத்தம் போடுது. அந்தச் சத்தத்துக்கு அம்மா பதில் சொல்லணும். அவ்வளவுதான் வித்தை! குழந்தை என்ன செய்யுதுன்னு அம்மா வாயால சொல்லிக்கிட்டே இருக்கணும், செஞ்சா பாராட்டணும். பொம்மையை வீட்டுலயே விட்டுட்டுப் போவாங்க. அடுத்த வாரம் வேற பொம்மை.

ரெண்டு வருஷம் முடிஞ்சதும் பாத்தா, அறிவு வளர்ச்சிக்குப் பாலும் வேலை செஞ்சிருந்துச்சு, விளையாட்டும் வேலை செஞ்சிருந்துச்சு. ரெண்டும் கிடைச்ச பிள்ளைங்கதான் எல்லாரையும் விட முன்னால. ஆனா வருஷம் போகப் போக, பாலால வந்த அறிவு வளர்ச்சி கரைஞ்சு போச்சு. விளையாட்டால வந்தது நின்னுச்சு. அதுக்காகப் பால் வீண்னு யாரும் கிளம்பிடாதீங்க. பசியோட இருக்கிற பிள்ளைக்கு முதல்ல சாப்பாடுதான்.

அந்தப் பிள்ளைங்களுக்கு 22 வயசு ஆனப்போ, 129 பேர்ல 105 பேரைத் தேடிப் பிடிச்சாங்க. வெளிநாடு போனவங்களையும் விடல. விளையாட்டு கிடைச்சவங்களோட சம்பளம், கிடைக்காதவங்களை விட 25 சதவீதம் அதிகம். இந்த முடிவு 2014-ல வெளியாச்சு. 129 சின்ன எண்ணிக்கைதான், ஒத்துக்கறேன். ஆனா இருபது வருஷம் பின்தொடர்ந்த ஆய்வுகளை விரல் விட்டு எண்ணலாம்.

[காட்சி: செல்போன் முன் உட்கார்ந்திருக்கும் குழந்தை.]

"பேச்சுதான் வேணும்னா யூடியூப்ல பாட்டு போட்டு விடறேனே"ன்னு கேப்பீங்க. அதையும் பாத்திருக்காங்க. அமெரிக்காவுல பட்ரீஷியா குல்ங்கிற ஆய்வாளர், 9 மாசக் குழந்தைங்களை வெச்சு செஞ்ச ஆய்வு, 2003-ல வந்துச்சு. சில குழந்தைங்களோட சீன மொழி பேசறவங்க நேர்ல உக்காந்து 12 தடவை விளையாடினாங்க. இன்னும் சிலருக்கு அதே பேச்சை டிவியில காட்டினாங்க. நேர்ல கேட்ட குழந்தைங்களுக்கு சீன ஒலிகளோட வித்தியாசம் பிடிபட்டுச்சு. டிவி பாத்தவங்களுக்கு ஒண்ணுமே ஏறல. குழந்தை சிரிச்சா திரும்பிச் சிரிக்க டிவிக்குத் தெரியாதே. (ஆமா, இந்த வீடியோவையும் சேர்த்துத்தான் சொல்றேன்.)

கிங்ஸ்டன் முறையை நம்ம நாட்டுலயும் ஒடிசாவோட கட்டாக் நகரக் குடிசைப் பகுதிகள்ல செஞ்சு பாத்தாங்க. அங்கயும் பலன் தெரிஞ்சுது. அங்கன்வாடியில சத்துமாவு பாக்கெட் கொடுக்கறோம், எடை பாக்கறோம். ரெண்டு வயசுக்குக் கீழ இருக்கிற பிள்ளையோட எப்படி விளையாடணும்னு அம்மாகிட்ட உக்காந்து காட்ட யாருக்கு நேரம் இருக்கு? அங்கன்வாடி டீச்சர் தலையில ஏற்கனவே ஏகப்பட்ட ரெஜிஸ்டர். இதையும் அவங்க தலையிலயே கட்டினா, கையெழுத்து மட்டும்தான் மிஞ்சும். இதுக்குத் தனி ஆள் போடணும், ஒழுங்கான சம்பளத்தோட.