டேப் சுற்றிய கைகள்: ஒரு வட்டாரப் பட்டத்தின் கதை

வணக்கம் நேயர்களே.

1998ஆம் ஆண்டு நவம்பர் 2ஆம் தேதி. அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் உள்ள ஹூஸ்டன் நகரம். டபிள்யூ.டபிள்யூ.எஃப். மல்யுத்த நிகழ்ச்சி நடந்துகொண்டிருக்கிறது. அதன் முதலாளி வின்ஸ் மெக்மேன், ‘மேன்கைண்ட்’ என்ற பெயரில் முகமூடி போட்டு ஆடிய மிக் ஃபோலியிடம் ஒரு பெல்ட்டைக் கொடுக்கிறார். பழைய உலக சாம்பியன் பெல்ட் அது. உடைந்துபோன துண்டுகளை டேப் போட்டு ஒட்டி, மேலே ‘ஹார்ட்கோர்’ என்று எழுதியிருந்தார்கள். நாற்காலியால் அடிக்கலாம், மேசையை உடைக்கலாம், அரங்கத்தை விட்டு வெளியே ஓடியும் சண்டை போடலாம். அப்படிப்பட்ட ஆட்டத்துக்கான பட்டம் அது.

என் வயதுக்காரர்கள் பலர் கேபிள் டிவியில் இதைப் பார்த்திருப்பீர்கள். டிரம்ப் கார்டு வைத்துக்கொண்டு, உயரம் எவ்வளவு, எடை எவ்வளவு, மார்பளவு எவ்வளவு என்று திண்ணையில் உட்கார்ந்து விளையாடியவர்கள்தானே நாம். ஹார்ட்கோர் பட்டம் அன்றைக்குத்தான் பிறந்தது என்று நானும் ரொம்ப நாள் நம்பிக்கொண்டிருந்தேன். ஆனால் அது பழைய சரக்கு. அதே ஹூஸ்டனில், அதற்கு நாற்பது ஆண்டுகளுக்கும் முன்பே, அதே மாதிரி ஒரு பட்டம் இருந்தது. அதன் பெயர் டெக்சாஸ் பிராஸ் நக்கிள்ஸ் பட்டம். இன்றைக்கு அதைப் பற்றித்தான் உங்களோடு பேச வந்திருக்கிறேன்.

பிராஸ் நக்கிள்ஸ் என்றால் நான்கு விரல்களிலும் மாட்டிக்கொண்டு குத்துகிற பித்தளை வளையம். சண்டியர்கள் சட்டைப்பையில் வைத்திருக்கும் சாமான். ஆனால் பட்டத்தின் பெயர்தான் அப்படி. ஆட்டத்தில் பெரும்பாலும் கையில் டேப் மட்டும்தான் சுற்றியிருப்பார்கள். தொழில்முறை மல்யுத்தத்தில் பிடி போடலாம், தூக்கி எறியலாம், ஆனால் விரல்களை மடக்கிக் குத்தக் கூடாது என்பது ஏட்டில் உள்ள விதி. இந்தப் பட்டத்துக்கான ஆட்டத்தில் அந்த விதி கிடையாது. நடுவர் யாரையும் தகுதி நீக்கம் செய்ய மாட்டார். ஒருவன் விழுந்து எழ முடியாமல் கிடக்கும்வரை ஆட்டம் போகும்.

இப்படி ஒரு பட்டம் ஏன் தேவைப்பட்டது? அந்தக் காலத்து அமெரிக்க மல்யுத்தம் நாடு முழுக்க ஒரே கம்பெனியாக இல்லை. 1948இல் அயோவா மாநிலத்தின் வாட்டர்லூ நகரில் சில ஏற்பாட்டாளர்கள் கூடி என்.டபிள்யூ.ஏ. என்ற கூட்டமைப்பை உருவாக்கினார்கள். இது உன் வட்டாரம், இது என் வட்டாரம் என்று பிரித்துக்கொண்டார்கள். உலக சாம்பியன் ஒருவர்தான். அவர் ஊர் ஊராகச் சுற்றுவார், உங்கள் ஊருக்கு எப்போதாவது வருவார். ஹூஸ்டனிலோ வெள்ளிக்கிழமைதோறும் மல்யுத்தம். அதே ஜனம்தான் வாரா வாரம் டிக்கெட் எடுத்து வர வேண்டும். அவர்களுக்குச் சொந்த ஊர்ப் பகை வேண்டும், சொந்த ஊர்ப் பட்டம் வேண்டும். இரண்டு பேருக்குள் நடந்த தகராறு, சாதாரண ஆட்டத்தில் தீராத அளவுக்கு முற்றிவிட்டால், கடைசியில் அதைத் தீர்க்கும் இடமாக இந்தப் பட்டம் நின்றது.

அந்த இடத்தைத் தன் சொந்த வீடாக்கிக்கொண்டவர் புல் கர்ரி. கனெக்டிகட் மாநிலத்தின் ஹார்ட்ஃபோர்டில் 1913இல் பிறந்தவர், லெபனான் வம்சாவளி. மல்யுத்தத்துக்கு நடுவே அந்த ஊரில் போலீஸ்காரராகவும் வேலை பார்த்திருக்கிறார். அவருடைய புகைப்படம் ஒன்றைப் பார்த்தால் மறக்க மாட்டீர்கள். இரண்டு புருவமும் காட்டுப் புதர் மாதிரி மேலே எழும்பி நிற்கும். 1940இல், குத்துச்சண்டையின் முன்னாள் உலக சாம்பியன் ஜாக் டெம்ப்ஸி சில மல்யுத்தக்காரர்களோடு குத்துச்சண்டை போட்டார். அதில் டெட்ராய்ட் நகரில் எதிரே நின்றவர் நம் கர்ரி. இரண்டாவது சுற்றில் கீழே விழுந்தார். விழுந்தார் என்பதைவிட, டெம்ப்ஸி எதிரே போய் நின்றார் என்பதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது.

1950களில் கர்ரி டெக்சாஸுக்கு வந்தபோது, அங்கே அவரைப் போல் ஆடுகிறவர் இல்லை. நாசூக்கான பிடி எதுவும் அவரிடம் கிடையாது. குத்துவார், கையில் கிடைத்ததை எடுத்து அடிப்பார், சண்டையைக் கயிற்றுக்கு வெளியே பார்வையாளர் நடுவே இழுத்துக்கொண்டு போவார். ஜனம் கொதித்துப்போய்க் கலாட்டாவில் இறங்கும். டெக்சாஸ் பிராஸ் நக்கிள்ஸ் பட்டத்தை அவரைப் போல் அத்தனை முறை வென்றவர் வேறு யாரும் இல்லை. பின்னாளில் அவருடைய மகன் ஃபிளையிங் ஃபிரெட் கர்ரியும் மல்யுத்தத்துக்கு வந்து அப்பாவோடு ஜோடியாக ஆடினார். மகனுடைய ஆட்டம் நேர் எதிர். ஜனத்துக்குப் பிடித்த, பறந்து பறந்து உதைக்கும் ஆட்டம்.

இங்கே நீங்கள் கேட்க நினைப்பது எனக்குத் தெரியும். ‘இதெல்லாம் பேசி வைத்துக்கொண்டு ஆடுவதுதானே?’ என் அம்மாவும் டிவி முன்னால் வந்து இதைத்தான் கேட்பார். ஆமாம், யார் ஜெயிப்பது என்பது முன்கூட்டியே முடிவானதுதான். நம் ஊர்க் கூத்தில் பதினெட்டாம் போர் எப்படி முடியும் என்று தெரிந்துதானே விடிய விடிய உட்கார்ந்திருக்கிறோம். ஆனால் ரத்தம் விஷயத்தில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பெரும்பாலும் அது அவர்களுடைய சொந்த ரத்தம். சவர பிளேடின் ஒரு மூலையை மட்டும் நறுக்கி, கையில் சுற்றிய டேப்புக்குள் ஒளித்து வைத்திருப்பார்கள். அடி வாங்கிக் குப்புற விழுந்து முகத்தை மறைத்துக்கொள்ளும் ஒரு நொடியில், முடி தொடங்கும் இடத்துக்குக் கீழே ஒரு கீறல். நெற்றித் தோலில் ரத்தக் குழாய்கள் அதிகம். வேர்வையும் சேர்ந்துகொண்டால் சின்னக் கீறல்கூட முகம் முழுக்க வழியும். வாரத்துக்கு நான்கைந்து ஊர், வருஷக்கணக்கில் இப்படி. அப்துல்லா தி புட்சர் என்ற புகழ்பெற்ற வீரரின் நெற்றியில் நாணயத்தைச் சொருகி வைக்கும் அளவுக்குப் பள்ளங்கள் விழுந்துவிட்டன. அதே அப்துல்லா, 2007இல் ஓர் ஆட்டத்தில் தன் பிளேடால் ஓர் இளம் வீரரைக் கீறி அவருக்கு ஹெபடைடிஸ் சி நோயைத் தொற்ற வைத்தார் என்று 2014இல் கனடாவின் ஒன்டாரியோ நீதிமன்றம் தீர்ப்பளித்து, பெரிய தொகையை நஷ்டஈடாகக் கொடுக்கச் சொன்னது. முடிவு பொய் என்று சொல்லுங்கள், ஒத்துக்கொள்கிறேன். காயத்தைப் பொய் என்று சொன்னால் எனக்குக் கோபம் வரும்.

சரி, பட்டத்துக்கு வருவோம். அது டெக்சாஸின் ஒரு மூலையில் மட்டும் நிற்கவில்லை. ஃபுளோரிடாவில் ஒரு பிராஸ் நக்கிள்ஸ் பட்டம் வந்தது. டெக்சாஸிலேயே அமரில்லோ வட்டாரத்துக்குத் தனியாக ஒன்று இருந்தது. டல்லாஸ் பக்கம் ஃபிரிட்ஸ் வான் எரிக் வட்டாரத்தை நடத்திய காலத்தில், ஸ்போர்டடோரியம் என்ற தகரக் கொட்டகை போன்ற அரங்கில் புரூசர் பிராடி மாதிரியான ராட்சதர்கள் இந்தப் பட்டத்தைச் சுமந்தார்கள். 1980களின் நடுவில் டபிள்யூ.டபிள்யூ.எஃப். கேபிள் வழியாக நாடு முழுக்கப் பரவியது. வட்டாரங்கள் ஒவ்வொன்றாகச் சாய்ந்தன. டல்லாஸ் கம்பெனி 1989இல் மெம்ஃபிஸ் கம்பெனியோடு இணைந்தது. 2003இல் ஸ்போர்டடோரியம் இடிக்கப்பட்டது.

ஆனால் பட்டத்தின் பெயர் அதற்குள் கடல் தாண்டிவிட்டது. ஜப்பானில் நாகசாகியில் பிறந்தவர் அட்சுஷி ஒனிடா. ஜயண்ட் பாபாவின் ஆல் ஜப்பான் கம்பெனியில் பயிற்சி பெற்றவர். 1981இல் அமெரிக்காவின் மெம்ஃபிஸ் வட்டாரத்தில் ஆடப் போனபோது, டுபலோ என்ற சின்ன ஊரில் ஒரு சண்டை, அரங்கத்தின் தின்பண்டக் கடைக்குள்ளேயே புகுந்து, கடுகு சாஸ் ஜாடியெல்லாம் பறக்க நடந்தது. அதில் மோதியவர்களில் இவரும் ஒருவர். அப்புறம் முழங்கால் நொறுங்கிப் போய் 1985இல் ஓய்வு. கால் உதவாத வீரனைப் பெரிய கம்பெனி எதுவும் சேர்க்காது. 1989இல் கையில் 50,000 யென்னோடு எஃப்.எம்.டபிள்யூ. என்ற சொந்தக் கம்பெனியைத் தொடங்கினார். அந்தப் பணத்தில் ஒரு நல்ல மேடைகூடப் போட முடியாது. அந்தக் கம்பெனியின் தலையாய பட்டத்துக்கு வந்த பெயர் பிராஸ் நக்கிள்ஸ்.

துள்ள முடியாத காலுக்கு ஈடாக அவர் கொண்டு வந்தது முள்கம்பி. 1990 ஆகஸ்ட் 4, டோக்கியோவின் ஷியோடோமே. கயிறுகளைக் கழற்றிவிட்டு முள்கம்பி கட்டி, அதில் தொட்டால் வெடிக்கும் வெடிகளை வைத்து, டார்ஸன் கோட்டோவோடு மோதினார். அந்த ஆண்டின் சிறந்த ஆட்டம் என்று டோக்கியோ ஸ்போர்ட்ஸ் பத்திரிகை அதற்கு விருது கொடுத்தது. 1992இல் யோகோஹாமா ஸ்டேடியத்தில் அவருக்கு எதிரே நின்றவர் டைகர் ஜீத் சிங். நம் பஞ்சாபில் பிறந்து கனடாவில் குடியேறியவர், வாயில் வாளைக் கவ்விக்கொண்டு அரங்கத்துக்குள் வருவார்.

1995 மே 5. கவாசாகி ஸ்டேடியத்தில் 58,250 பேர் கூடினார்கள் என்று கம்பெனி அறிவித்தது. ஒனிடாவின் பிரிவு ஆட்டம், பிராஸ் நக்கிள்ஸ் பட்டத்துக்காக. எதிரே ஹயபுசா என்ற இளைஞர். ஒனிடா ஜெயித்தார், பட்டத்தை விட்டு விலகினார். 1998இல் அதே பட்டம் ஹயபுசாவின் இடுப்புக்கு வந்தது. முள்கம்பி, வெடி, கூண்டு எல்லாவற்றுக்குள்ளும் போய் வந்தவர் அவர். ஆனால் 2001 அக்டோபர் 22 அன்று, டோக்கியோவின் கொராகுவென் ஹால் அரங்கில், கயிற்றின் மேல் ஏறிப் பின்பக்கமாகப் பாயும்போது கால் வழுக்கியது. ஆயிரம் முறை செய்த பாய்ச்சல் அது. தலைகுப்புற விழுந்து கழுத்து முறிந்தது, உடல் செயலிழந்தது. சில மாதங்களில், 2002 பிப்ரவரியில், கம்பெனியும் மூழ்கியது. ஹயபுசா தளரவில்லை. பாட்டுப் பாடினார், பயிற்சி எடுத்து ஊன்றுகோலோடு எழுந்து நிற்கும் நிலைக்கு வந்தார். 2016 மார்ச்சில் 47 வயதில் இறந்தார். அவர் பெயரை உச்சரிக்காமல் இந்தப் பட்டத்தின் கதையைச் சொல்ல எனக்கு மனம் வராது.

1995 ஆகஸ்ட்டில், வேறொரு கம்பெனி அதே கவாசாகி ஸ்டேடியத்தில் நடத்திய போட்டியில், முள்கம்பிக்கும் வெடிக்கும் நடுவே ஜெயித்தவர் மிக் ஃபோலி. மூன்று ஆண்டு கழித்து ஹூஸ்டனில் டேப் ஒட்டிய பெல்ட்டை வாங்கியவர் அவர்தான் என்பதை நினைவில் வையுங்கள். அந்த பெல்ட் பின்னாளில் எங்கே, எப்போது வேண்டுமானாலும் பறிக்கலாம் என்ற விளையாட்டாக மாறியது. 2002 ஆகஸ்ட்டில் ராப் வான் டாம் ஜெயித்ததோடு அந்தப் பட்டமும் முடிந்தது. அந்தக் கடைசிக் கட்டம் எனக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை.

கவாசாகி இறுதிப் போட்டியில் ஃபோலியிடம் தோற்றவர் டெர்ரி ஃபங்க். அமரில்லோவில் வளர்ந்தவர். அவருடைய அப்பா டோரி ஃபங்க் சீனியர், அந்த வட்டாரத்தில் ‘டெக்சாஸ் டெத் மேட்ச்’ என்ற, ஒருவர் எழ முடியாமல் போகும்வரை நடக்கும் ஆட்டத்துக்குப் பெயர் வாங்கியவர். டெர்ரி ஒரு காலத்தில் என்.டபிள்யூ.ஏ. உலக சாம்பியன். அப்படிப்பட்டவர் 1993 மே 5 அன்று, 48 வயதில், ஒனிடாவோடு மோதக் கவாசாகிக்கு வந்தார். முள்கம்பியில் வெடி, போதாததற்கு மேடையே வெடிக்கும்படி ஒரு நேரக் கெடு. ஒனிடா ஜெயித்துவிட்டார். மணி அடித்தாயிற்று. ஃபங்க் மேடை நடுவில் எழ முடியாமல் கிடக்கிறார். கெடு நெருங்குகிறது. ஒனிடா மேடையை விட்டு இறங்கிவிட்டார்.

அந்தப் பதிவை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். இறங்கியவர் திரும்பிப் பார்க்கிறார். மறுபடி மேலே ஏறுகிறார். ஃபங்க்கை எழுப்பிப் பார்க்கிறார், முடியவில்லை. வேறு வழியில்லாமல் அவர் மேல் குப்புறப் படுத்து, தன் உடம்பால் அவரை மூடுகிறார். மேடை வெடிக்கிறது. புகை விலகும்போது இரண்டு பேரும் அப்படியே கிடக்கிறார்கள், ஒனிடாவின் முதுகு மட்டும் மேலே தெரிகிறது.

வணக்கம்.