சுருக்குப்பையில் இருந்த சான்றட்டை

வானொலி நேயர்களுக்கு என் அன்பான வணக்கம். மேட்டூர்த் தண்ணீர் கடைமடைக்கு வந்து சேர்ந்து, சம்பா நாற்றங்காலுக்கு இடம் ஒதுக்கிவிட்டு, விதை வாங்கக் கடைவீதிக்குப் புறப்படுகிற நேரம் இது. விதை விற்பவருக்கு அரசு ஏன் உரிமம் கொடுக்கிறது, அந்த உரிமம் வாங்குகிறவரை எந்த வகையில் காக்கிறது என்பதைப் பற்றி உங்களிடம் பேச வந்திருக்கிறேன். தஞ்சாவூர், திருவாரூர் மாவட்டங்களில் விதை ஆய்வாளராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான்.

சாயம் போகும் புடவையை வாங்கிவிட்டால் முதல் சலவையிலேயே தெரிந்துவிடும். புழுத்த பருப்பை வாங்கிவிட்டால் முறத்தில் போட்டதுமே தெரிந்துவிடும். விதையின் குறை மட்டும், உழுது, நாற்றுவிட்டு, நட்டு, களையெடுத்து, உரம் போட்டு, கையிலிருந்த காசெல்லாம் வயலுக்குள் போன பிறகுதான் வெளியே தெரியும். விரை ஒன்று போட்டால் சுரை ஒன்றா முளைக்கும் என்று கேட்டார்கள் நம் பெரியவர்கள். மூட்டைக்குள் இருப்பது எந்த விரை என்பதைக் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது என்பதுதான் நம்முடைய சிக்கல். சி.ஆர்.1009 என்கிற பொன்மணியும் குண்டு நெல்தான், ஆடுதுறை 37-ம் குண்டு நெல்தான். முன்னது 155 நாளைத் தாண்டி அறுவடைக்கு வருவது, பின்னது ஏறக்குறைய 105 நாளிலேயே முடிந்துவிடுவது. உள்ளங்கையில் அள்ளிப் பார்க்கிறவருக்கு இந்த ஐம்பது நாள் வித்தியாசம் எங்கே தெரியும்?

வாங்குகிறவரால் பார்க்க முடியாததை அவருக்காக வேறொருவர் பார்த்தாக வேண்டும் என்ற எண்ணத்தில்தான் 1966-இல் விதைச் சட்டமும், 1983-இல் விதைக் கட்டுப்பாட்டு ஆணையும் வந்தன. அந்த ஆணையின்படி உரிமம் இல்லாமல் யாரும் விதை வணிகம் செய்யக்கூடாது. உரிமம் பெற்ற கடைக்காரர் அன்றன்றைய இருப்பையும் விலையையும் பலகையில் எழுதி வைக்க வேண்டும், வாங்குகிற ஒவ்வொருவருக்கும் பட்டியல், அதாவது ரசீது, கொடுக்க வேண்டும், கணக்குப் புத்தகங்களை ஆய்வாளர் கேட்கும்போது எடுத்து வைக்க வேண்டும். தவறினால், அவருடைய விளக்கத்தைக் கேட்ட பிறகு, உரிமத்தை நிறுத்தி வைக்கவோ அடியோடு ரத்து செய்யவோ உரிமம் வழங்கிய அதிகாரிக்கு அதிகாரம் உண்டு. சட்டகம் போட்டுச் சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கும் அந்தத் தாள், கடைக்காரர் அரசிடம் எழுதிக் கொடுத்த பொறுப்பு என்றுதான் நான் எப்போதும் சொல்வேன்.

தம் வயலில் விளைந்ததைத் தம் வீட்டு வாசலிலேயே பக்கத்து வயல்காரருக்கு விதைக்காகக் கொடுக்கிறவரை இந்தச் சட்டம் தொடுவதில்லை என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். மாப்பிள்ளைச் சம்பாவையும் பூங்காரையும் கைமாற்றிக்கொள்கிற நண்பர்கள் அச்சப்பட வேண்டியதில்லை.

ஆய்வாளர் கடைக்கு வந்து என்ன செய்வார் என்று பலரும் என்னைக் கேட்டிருக்கிறார்கள். நெல் வியாபாரி மூட்டையில் குத்தூசி போட்டு நெல்லை எடுத்துப் பார்ப்பதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். நாங்களும் அப்படித்தான் எடுப்போம். எடுத்த மாதிரியை நன்றாகக் கலந்து மூன்று பங்காக்கி, மூன்றையும் முத்திரையிட்டு, ஒன்றைக் கடைக்காரரிடமே கொடுப்போம், ஒன்றை விதைப் பரிசோதனை நிலையத்துக்கு அனுப்புவோம், ஒன்றை நாங்கள் வைத்துக்கொள்வோம். பின்னால் வழக்கு என்று வந்தால் ஒரு தரப்பு மட்டும் நெல்லை மாற்றிவிட்டதாகப் பேச்சு எழக்கூடாது என்பதற்காகத்தான் அந்த மூன்று பங்கு. பரிசோதனை நிலையத்தில் நானூறு விதைகளை எண்ணி முளைக்க வைத்து, பதினான்காம் நாள் வரை பார்ப்பார்கள். நெல்லென்றால் நூற்றுக்கு எண்பதாவது முளைக்க வேண்டும், ஈரப்பதம் 13 விழுக்காட்டுக்கு மேல் போகக்கூடாது. சந்தேகம் வந்த இருப்பை 30 நாள் வரை விற்கக்கூடாது என்று எழுத்தில் தடுத்து வைக்கவும் ஆய்வாளரால் முடியும்.

நான் சொல்ல வந்தது அந்த மூட்டையின் வாயில் தைத்திருக்கிற அட்டையைப் பற்றி. சான்று பெற்ற விதை என்றால் நீல நிறச் சான்றட்டை, அதற்கு மூலமான ஆதார விதை என்றால் வெள்ளை, அதற்கும் மூலமான வல்லுநர் விதை என்றால் மஞ்சள். அதில் ரகத்தின் பெயரும், காலாவதி நாளும், குவியல் எண்ணும் இருக்கும். குவியல் எண் என்பதை மட்டும் தயவுசெய்து மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். எந்த விதைப்பண்ணையில் விளைந்தது, எங்கே சுத்திகரித்தார்கள், எந்தக் கடைக்குப் போனது என்ற வழி முழுவதும் அந்த எண்ணுக்குள்தான் இருக்கிறது.

பல ஆண்டுகளுக்கு முன், ஐப்பசி அடைமழை சற்று விட்டிருந்த ஒரு காலை நேரத்தில், மன்னார்குடிப் பக்கத்திலிருந்து அறுபது வயதைத் தாண்டிய ஓர் அம்மா அலுவலகத்துக்கு வந்தார். சேற்றுக் காலோடு உள்ளே வரத் தயங்கி வாசற்படியிலேயே நின்றார். கையில் வேரோடு பிடுங்கிய இரண்டு தூர்கள் இருந்தன. ஒன்று பச்சைப் பசேலென்று பயிராக நின்றது, மற்றதில் கதிர் வெளியே வந்திருந்தது. "ஐயா, ரெண்டும் ஒரே வயல்ல, ஒரே நாள்ல நட்டதுதான்" என்றார். ஆவணியில் விதைவிட்ட பொன்மணி ஐப்பசியில் கதிர் விடாது, மார்கழியில்தான் விடும்.

அன்று பிற்பகலே அவருடைய வயலுக்குப் போனேன். மூன்று மா, அதாவது ஏறக்குறைய ஓர் ஏக்கர் நிலம். வரப்பில் நின்று பார்த்தபோதே தெரிந்தது, பச்சைக்கு நடுவே அங்கங்கே வெளுத்த கதிர்கள். உள்ளே இறங்கி எண்ணினேன். நூறு தூருக்குப் பத்து, பன்னிரண்டு என்று வந்தது. சான்று விதைப் பண்ணையில் பிற ரகக் கலப்பு ஆயிரத்துக்கு இரண்டுக்கு மேல் இருக்கக்கூடாது. அந்தக் குறுகிய காலப் பயிர் முன்னதாக முற்றி, குருவிக்கும் எலிக்கும் போய், மீதி சேற்றில் உதிர்ந்துவிடும். மற்ற பயிர் அறுவடைக்கு வரும்போது அது வெறும் வைக்கோலாகத்தான் இருக்கும்.

பட்டியல் இருக்கிறதா அம்மா என்று கேட்டேன். கடையில் தொகையை மட்டும் ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தார்களாம், அது மழையில் நைந்துவிட்டதாம். எனக்கு மனம் கனத்துப் போயிற்று. அதன் பிறகு அவர் இடுப்பிலிருந்த சுருக்குப்பையை அவிழ்த்து, வெற்றிலைக்கும் சில்லறைக்கும் நடுவிலிருந்து நான்காக மடித்த நீல அட்டையை எடுத்தார். எழுத்துப் போட்ட தாளை எறிய மனம் வராமல் வைத்திருந்தாராம். சுண்ணாம்புக் கறை படிந்திருந்தாலும் குவியல் எண் அழியாமல் இருந்தது. அதை வைத்துக் கடையின் இருப்புப் பதிவேட்டைத் தேடிப் பிடித்தோம், உற்பத்தியாளரைப் பிடித்தோம், கலப்பு எங்கே நடந்தது என்பது வரை போனோம். பல மாதம் அலைந்த பிறகு அவருக்கு இழப்பீடு கிடைத்தது.

அவர் வயலுக்கு அடுத்த வயல்காரரும் அதே கடையில் அதே நாளில் வாங்கியவர்தான். அவருடைய பயிரிலும் அதே கலப்பு. பட்டியலும் இல்லை, சாக்கு மாட்டுக்கொட்டகையில் மக்கிப் போய்விட்டது, அட்டை எங்கே போனதென்றே அவருக்குத் தெரியவில்லை. எந்தக் கடையில் எந்த மூட்டை என்று காட்ட அவரிடம் ஒன்றுமே இல்லாததால் என்னால் அவருக்கு எதுவும் செய்ய முடியவில்லை. அது இன்றும் எனக்கு உறுத்தல்தான், ஏனென்றால் அதுவரை கிராமக் கூட்டங்களில் விதை நேர்த்தியைப் பற்றி மணிக்கணக்கில் பேசிய நான், அட்டையை எடுத்து வையுங்கள் என்று ஒருமுறைகூடச் சொன்னதில்லை. அதற்குப் பிறகு அதைச் சொல்லாமல் எந்தக் கூட்டத்தையும் முடித்ததில்லை, இப்போதும் சொல்கிறேன். ரகம், குவியல் எண், காலாவதி நாள் மூன்றும் எழுதிய பட்டியலைக் கேட்டு வாங்குங்கள். அட்டையையும் பட்டியலையும் நெல்லை அறுத்து வீட்டுக்குக் கொண்டுவரும் வரை பத்திரமாக வையுங்கள்.

இதைச் சொல்லும்போது 1966 சட்டத்தின் ஒரு குறையையும் சொல்ல வேண்டும். முதல் குற்றத்துக்கு அது விதித்த அபராதம் 500 ரூபாய் வரைதான். அதுவும் அரசுக்குப் போகும். விவசாயிக்கு இழப்பீடு என்பதைப் பற்றி அந்தச் சட்டம் வாயே திறக்கவில்லை. அதனால்தான் நுகர்வோர் சட்டத்தை நாட வேண்டியிருக்கிறது. விவசாயி நுகர்வோரே அல்லர், விதையை ஆய்வகத்தில் சோதித்துக் காட்டாமல் வழக்குப் போட முடியாது என்றெல்லாம் தேசிய விதைக் கழகம் தொடர்ந்த மேல்முறையீடுகளில் வாதம் வந்தது. விதைக்கிறவர் எல்லா விதையையும்தான் விதைப்பார், பின்னால் சோதிக்க வேண்டியிருக்கும் என்று ஒரு பங்கை எடுத்து வைப்பார் என எதிர்பார்க்க முடியாது என்று 2012-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நாற்றங்காலில் கால் வைத்தவர் யாரும் இதைத்தான் சொல்லியிருப்பார்.

நேரம் நெருங்கிவிட்டது என்று நிலையத்தார் சைகை காட்டுகிறார்கள். உரக்கடை உரிமத்தைப் பற்றியும் பூச்சிமருந்துக் கடை உரிமத்தைப் பற்றியும் விரிவாகச் சொல்ல எண்ணியிருந்தேன். சுருக்கமாகவே சொல்ல முடிகிறது. மருந்துப் புட்டியில் சிவப்பு முக்கோணம் இருந்தால் மிகக் கொடிய நஞ்சு, அடுத்து மஞ்சள், பிறகு நீலம், பச்சை என்று நஞ்சின் கடுமை குறையும். அதற்கும் பட்டியல் கேட்டு வாங்குங்கள். விதையில் குறை கண்டால், பயிர் வயலில் நிற்கும்போதே வேளாண்மை அலுவலகத்துக்கும் விதை ஆய்வாளருக்கும் எழுத்தில் கொடுங்கள். அறுத்த பிறகு வந்தால் பார்க்க ஒன்றும் இருக்காது. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுக்குள் மனுக் கொடுக்கலாம், நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே கொடுக்கலாம், வழக்கறிஞர் வேண்டும் என்ற கட்டாயம் இல்லை, கொடுத்த விலை ஐந்து லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணமும் இல்லை. தொலைபேசியில் ஆலோசனை கேட்க 1915 என்ற எண் இருக்கிறது. வணக்கம்.