ஆறே ஆறு நாற்காலிகள்: முகத்தை மூடாமல் நின்ற கோல்கீப்பர்கள்

[திரையில்: ஒரு கருப்பு வெள்ளைப் படம். ஓர் ஆணின் முகம் மட்டும், மிக நெருக்கத்தில்.]

இந்த முகத்தைக் கொஞ்ச நேரம் பாருங்கள். நெற்றி, புருவம், மூக்கு, உதடு, தாடை என்று ஓர் இடம் பாக்கியில்லாமல் தையல் போட்ட தழும்பு. போர்முனையிலிருந்து திரும்பியவர் என்றோ, பெரிய கார் விபத்தில் பிழைத்தவர் என்றோதான் நினைக்கத் தோன்றும். இவர் பெயர் டெர்ரி சாவ்சக். பார்த்த வேலை, ஐஸ் ஹாக்கி அணியில் கோல்கீப்பர். 1966ஆம் ஆண்டு அமெரிக்காவின் 'லைஃப்' பத்திரிகையில் வந்த படம் இது.

ஒன்றை இப்போதே சொல்லிவிடுகிறேன். இந்தத் தழும்புகள் ஓர் ஒப்பனைக் கலைஞரின் கைவேலை. ஆனால் அவர் எதையும் கற்பனையாக வரையவில்லை. அதுவரை சாவ்சக்கின் முகத்தில் விழுந்திருந்த தையல்கள் ஏறத்தாழ நானூறு. ஆறி மறைந்து போனவையும் சேர்ந்து ஒரே நாளில் வெளியே தெரிந்தால் எப்படி இருக்கும் என்று காட்டியிருக்கிறார், அவ்வளவுதான்.

இத்தனை அடியையும் வாங்கிக்கொண்டு ஒரு முகக்கவசத்தை ஏன் மாட்டிக்கொள்ளவில்லை? அந்தக் காலத்து வீரர்களைப் பற்றிப் பேசும்போதெல்லாம், "அவர்கள் இரும்பு மனிதர்கள், பயமறியாதவர்கள்" என்று ஒரு பதில் வரும். எனக்கு அந்தப் பதிலில் நம்பிக்கை இல்லை. அவர்களுக்கும் பயம் இருந்தது. பாய்ந்து வரும் வட்டைக் கண்டு வந்த பயத்தைவிட, வேலை போய்விடுமோ என்ற பயம் பெரிதாக இருந்தது.

[திரையில்: பனித்தளத்தின் வரைபடம். கோல் வலை. அதன் முன்னால் ஓர் ஆள்.]

நமக்கு ஹாக்கி என்றால் புல்வெளியும் வெள்ளைப் பந்தும். கனடாவில் ஹாக்கி என்றால் பனித்தளம்தான். பந்துக்குப் பதிலாக 'பக்' என்ற கருப்பு ரப்பர் வட்டு. விட்டம் மூன்று அங்குலம், தடிமன் ஓர் அங்குலம், எடை சுமார் 160 கிராம். நம் கிரிக்கெட் பந்தின் எடைதான் ஏறக்குறைய. ரப்பர் துள்ளக்கூடாது என்பதற்காக, ஆட்டத்துக்கு முன்பு அதைக் குளிரில் வைத்துக் கல்லாக்கிவிடுவார்கள். ஆறடி அகலமும் நாலடி உயரமும் உள்ள வலைக்கு முன்னால் நிற்பவரை நோக்கி, அந்தக் கல் மணிக்கு நூறு கிலோமீட்டரை எளிதாகத் தாண்டும் வேகத்தில் வரும். நடுவில் நாலைந்து பேர் நின்று மறைத்துக்கொண்டிருப்பார்கள். எங்கிருந்து அடித்தார்கள் என்பதே சில நேரம் தெரியாது.

கோல்கீப்பரின் காலில் பெரிய தோல் காப்பு இருக்கும். மார்பில் காப்பு இருக்கும். கையில் கனத்த உறை. முகத்தில் ஒன்றும் கிடையாது.

[திரையில்: ஆறு நகரங்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஒளிர்கின்றன.]

மாண்ட்ரியால், டொரன்டோ, பாஸ்டன், நியூயார்க், டெட்ராய்ட், சிகாகோ. 1942 முதல் 1967 வரை, இருபத்தைந்து பருவங்கள், தேசிய ஹாக்கி லீகில் இந்த ஆறு ஊர்களின் அணிகள் மட்டும்தான். மாண்ட்ரியாலின் மோரிஸ் ரிஷார், டெட்ராய்டின் கார்டி ஹவ், சிகாகோவின் பாபி ஹல் என்று கோல் அடித்துப் பெயர் எடுத்த பெரிய நட்சத்திரங்கள் எல்லாம் அந்தக் காலத்தவர்கள். அவர்களைப் பற்றிப் பேச ஆயிரம் பேர் இருக்கிறார்கள். நான் அவர்களுக்கு எதிரே நின்றவர்களின் பக்கம்.

கணக்கைப் பாருங்கள். அணிக்கு ஒரு கோல்கீப்பர்தான். மாற்று ஆள் பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் வழக்கமே கிடையாது. ஆகவே, உச்சத்தில் அந்த வேலை மொத்தமே ஆறு பேருக்கு. கீழ்நிலை லீகுகளில், ஓர் அழைப்பு வராதா என்று டஜன் கணக்கில் ஆட்கள் காத்திருந்தார்கள்.

அந்த நாற்காலி எவ்வளவு ஆட்டம் கண்டது என்பதற்கு டெட்ராய்ட் அணி ஒன்று போதும். 1950இல் ஹாரி லம்லி அந்த அணிக்கு லீகின் சாம்பியன் பட்டமான ஸ்டான்லி கோப்பையை வென்று கொடுத்தார். அதே கோடையில் அவரைச் சிகாகோவுக்குக் கைமாற்றிவிட்டார்கள். காரணம், பருவத்தின் நடுவில் லம்லிக்கு அடிபட்டபோது ஏழு ஆட்டங்களுக்கு மட்டும் வந்து நின்ற இருபது வயதுப் பையன், சாவ்சக். அந்தச் சாவ்சக் 1952இல் என்ன செய்தார் தெரியுமா? கோப்பைக்கான எட்டு ஆட்டங்களில் மொத்தம் ஐந்தே கோல் விட்டார். அவற்றில் ஒன்றுகூடச் சொந்த ஊரில் இல்லை. 1955இல் இன்னொரு கோப்பையும் வென்றார். பரிசு? பாஸ்டனுக்கு மாற்றல். இப்போது க்ளென் ஹால் என்று அவரைவிட இளையவர் ஒருவர் தயாராக இருந்தார். இரண்டு வருடத்தில் ஹாலும் சிகாகோவுக்குப் போனார், சாவ்சக் திரும்ப டெட்ராய்டுக்கு வந்தார். ஹாலோடு சேர்த்து அனுப்பப்பட்ட இன்னொருவர் டெட் லிண்ட்சே. வீரர்களுக்கு ஒரு சங்கம் வேண்டும் என்று அந்த ஆண்டு முன்னால் நின்றவர் அவர். இதற்கு மேல் நான் விளக்க வேண்டியதில்லை.

நியூயார்க்கிலும் இதே கதைதான். 1953இல் சிறந்த அறிமுக வீரர் விருது வாங்கிய கம்ப் வோர்ஸ்லியை அடுத்த பருவமே கீழ்நிலை லீகுக்கு அனுப்பினார்கள். அவர் இடத்தில் ஜானி பாவர் எழுபது ஆட்டங்களும் ஆடினார். அதற்கடுத்த பருவம் வோர்ஸ்லி உள்ளே, பாவர் வெளியே. சிறு வயதில் பழைய மெத்தையைக் கிழித்துக் காலுக்குக் காப்பு செய்துகொண்டு ஆடிய பாவர், டொரன்டோவில் நிலையாக ஓர் இடம் பிடித்தபோது வயது முப்பத்து நான்கு. பிறகு நான்கு கோப்பைகள் வென்றார் என்பது வேறு விஷயம்.

இப்படிப்பட்ட இடத்தில் யாராவது முகக்கவசத்தோடு வந்து நின்றால், "ஆள் பயந்துவிட்டான்" என்ற ஒரு பேச்சு போதும். கவசம் போட்டால் காலடியில் கிடக்கும் பக் கண்ணுக்குத் தெரியாது என்று பயிற்சியாளர்கள் சொன்னதிலும் கொஞ்சம் உண்மை இருந்தது. 1930இல் கிளின்ட் பெனடிக்ட் என்ற கோல்கீப்பர் தோலால் ஆன கவசம் ஒன்றை மாட்டிப் பார்த்துவிட்டு, சில ஆட்டங்களிலேயே கழற்றிப் போட்டார். அதற்குப் பிறகு ஏறத்தாழ முப்பது வருடம் அந்தப் பேச்சே இல்லை.

ஆனால் ஆட்டம் மாறிக்கொண்டே வந்தது. மட்டையைத் தோளுக்கு மேல் ஓங்கி அடிக்கும் 'ஸ்லாப் ஷாட்' ஐம்பதுகளில் பரவியது. அறுபதுகளில், பயிற்சியின்போது சிகாகோ வீரர் ஸ்டான் மிகிட்டாவின் மட்டை விரிசல் விட்டு வளைந்துபோனது. அந்தக் கோணல் மட்டையால் அடித்தால் பக் காற்றில் திசை மாறுகிறதே என்று கண்டுகொண்ட அவரும் பாபி ஹல்லும் மட்டைகளை வேண்டுமென்றே வளைத்துக்கொண்டார்கள். முகம் மட்டும் அப்படியே திறந்திருந்தது.

[திரையில்: ஒரு கழிப்பறைக் கதவு. வெளியே கூட்டத்தின் இரைச்சல் மங்கலாகக் கேட்கிறது.]

க்ளென் ஹாலிடம் கொஞ்சம் நிற்க வேண்டும். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் முன்னால் இவர் வாந்தி எடுப்பார். நோய் எதுவும் இல்லை, பதற்றம். வாந்தி வராவிட்டால் அன்றைக்கு ஆட்டம் சரியாக அமையாது என்று அவரே நம்பும் அளவுக்கு அது வழக்கமாகிவிட்டது. வாயைக் கொப்பளித்துவிட்டு வெளியே போய், கவசமில்லாத முகத்தோடு அறுபது நிமிடம் நிற்பார்.

அப்படி அவர் தொடர்ச்சியாக நின்ற ஆட்டங்கள் 502. எழுபது ஆட்டங்கள் கொண்ட ஏழு முழுப் பருவங்கள், அதற்கு மேல் பன்னிரண்டு ஆட்டங்கள். ஒரு நாள் காய்ச்சல் என்று விடுப்பு எடுக்கவில்லை. ஒரு நிமிடம்கூட வேறு ஆளுக்கு இடம் கொடுக்கவில்லை. 1962 நவம்பர் 7ஆம் தேதி அந்தத் தொடர் முடிந்தபோது, அதை முடித்தது எந்தப் பக்கும் இல்லை. பயிற்சியில் காலில் கட்டும் காப்பின் வாரை மாட்டக் குனிந்தார். இடுப்பு பிடித்துக்கொண்டது.

இந்தச் சாதனை முறியடிக்கப்படவே போவதில்லை. இன்றைய கோல்கீப்பர்கள் ஒரு பருவம் முழுவதையும் விடாமல் ஆடுவதே இல்லை. ஆனால் இதை மன உறுதி என்று மட்டும் புகழ்ந்துவிட்டுப் போக எனக்கு மனம் வரவில்லை. டெட்ராய்டில் சாவ்சக்குக்கு என்ன நடந்தது என்று அருகிலிருந்து பார்த்தவர் ஹால். அந்த இடத்துக்கு வந்தவரே அவர்தானே.

[திரையில்: நியூயார்க், மேடிசன் ஸ்கொயர் கார்டன். 1959 நவம்பர் 1, ஞாயிற்றுக்கிழமை.]

இப்போது ஜாக் பிளான்ட். க்யூபெக்கின் ஏழைக் குடும்பத்தில், பதினொரு பிள்ளைகளில் மூத்தவர். கம்பளித் தொப்பி வாங்கக் காசில்லாத வீட்டில் பின்னக் கற்றுக்கொண்டவர், பெரிய நட்சத்திரம் ஆன பிறகும் தன் தொப்பியைத் தானே பின்னினார். ஆஸ்துமா உண்டு. வலையை விட்டு வெளியே ஓடி வந்து பக்கை எடுத்துத் தன் ஆட்களுக்குத் தள்ளிவிடும் பழக்கத்தை இவரிடமிருந்துதான் மற்றவர்கள் கற்றார்கள். மாண்ட்ரியால் அணியோடு 1956 முதல் 1960 வரை தொடர்ந்து ஐந்து கோப்பைகள். கன்ன எலும்பு உடைந்ததிலிருந்து பயிற்சியில் மட்டும் கவசம் அணிந்தார். ஆட்டத்தில் அணியப் பயிற்சியாளர் டோ பிளேக் சம்மதிக்கவில்லை.

அன்று ஆட்டம் தொடங்கிச் சில நிமிடங்கள்தான். நியூயார்க்கின் ஆண்டி பாத்கேட் மிக அருகிலிருந்து அடித்த பக், பிளான்டின் மூக்கிலிருந்து உதடு வரை கிழித்துவிட்டது. சற்று முன்பு பிளான்ட் தன்னைத் தடுக்கி விட்டதற்குப் பதிலாக முகத்தைக் குறிபார்த்தே அடித்ததாகப் பாத்கேட் பிற்காலத்தில் ஒப்புக்கொண்டார். பனியில் ரத்தம். துண்டால் முகத்தைப் பொத்திக்கொண்டு பிளான்ட் உள்ளே போனார். ஏழு தையல்.

தையல் போட்டு முடிந்ததும் அவர் சொன்னது ஒன்றுதான்: கவசம் இல்லாமல் திரும்பிப் போக மாட்டேன்.

இந்த இடத்தில்தான் கதை திரும்புகிறது. இத்தனை வருடமாக ஒரே ஆள் என்ற முறை கோல்கீப்பரின் கழுத்தைப் பிடித்திருந்தது. அன்றைக்கு அதே முறை பிளேக்கின் கழுத்தைப் பிடித்தது. மாண்ட்ரியாலிடம் வேறு ஆள் இல்லை. எதிரணி கொடுக்கும் அவசர ஆள் யாராவது இருப்பார், அது அரங்கில் இருக்கும் ஓர் அமெச்சூர் ஆட்டக்காரராகவோ அணி உதவியாளராகவோ இருக்கும். டெட்ராய்டின் உதவியாளர் லெஃப்டி வில்சன் ஒருமுறை இப்படி டொரன்டோவுக்காக வலையில் நின்று, தனக்குச் சம்பளம் கொடுக்கும் அணியையே கோல் அடிக்கவிடாமல் தடுத்திருக்கிறார். வேடிக்கைதான், ஆனால் கோப்பை வெல்ல நினைக்கும் பயிற்சியாளர் அந்த வேடிக்கையில் இறங்க மாட்டார். பிளேக் இறங்கி வந்தார்.

கண்ணுக்கு இரண்டு ஓட்டை, வாய்க்கு ஒன்று, தோல் நிறத்தில் ஒரு ஃபைபர் கிளாஸ் முகம். அதை மாட்டிக்கொண்டு பிளான்ட் பனிக்குத் திரும்பினார். மாண்ட்ரியால் 3-1 என்று வென்றது. காயம் ஆறியதும் கழற்றிவிட வேண்டும் என்றுதான் பிளேக் நினைத்திருந்தார். அணி தோற்காமல் ஆடிக்கொண்டே போனதால் அந்தப் பேச்சை எடுக்க முடியவில்லை. அடுத்த மார்ச்சில், அவர் பேச்சுக்காக ஒரே ஓர் ஆட்டம் கவசமில்லாமல் ஆடிப் பார்த்தார் பிளான்ட். டெட்ராய்டிடம் 3-0 என்று தோல்வி. கவசம் நிரந்தரமானது.

மற்றவர்கள் உடனே ஓடிவந்து மாட்டிக்கொண்டார்கள் என்று நினைக்காதீர்கள். சாவ்சக் 1962இல் அணிந்தார். ஹால் இன்னும் பல வருடம் அசையவில்லை. வோர்ஸ்லியிடம் கேட்டால், "என் முகமே கவசம்தான்" என்பார். அந்த உருண்டை முகத்தைப் பார்த்தால் கேட்டவர் சிரிக்காமல் இருந்திருக்க முடியாது. 1974இல், தன் கடைசிச் சில ஆட்டங்களில்தான் அவர் மாட்டிக்கொண்டார்.

அதற்குள் நாற்காலிகளின் எண்ணிக்கையே மாறிவிட்டது. 1965 முதல் ஒவ்வோர் அணியும் இரண்டு கோல்கீப்பர்களை உடை மாற்றித் தயாராக வைத்திருக்க வேண்டும் என்று விதி வந்தது. 1967இல் அணிகள் ஆறிலிருந்து பன்னிரண்டாயின. அந்த வசந்தத்தில் டொரன்டோ கோப்பையை வென்றபோது வலையை மாறி மாறிக் காத்தவர்கள் முப்பத்தேழு வயதுச் சாவ்சக்கும் நாற்பத்திரண்டு வயதுப் பாவரும். சாவ்சக் அதற்குப் பிறகு மூன்றே வருடம்தான் இருந்தார். 1970இல், நாற்பது வயதில், சக வீரர் ஒருவரோடு நடந்த கைகலப்பில் ஏற்பட்ட உள்காயம் அவரைக் கொண்டுபோயிற்று. எதிரணியை ஒரு கோலும் அடிக்கவிடாமல் அவர் முடித்த 103 ஆட்டங்களின் எண்ணிக்கையை 2009 வரை யாரும் தாண்டவில்லை.

[திரையில்: செயின்ட் லூயிஸ் அணியின் நீலச் சட்டை. இரண்டு வயதான கோல்கீப்பர்கள் அருகருகே.]

புதிய அணிகளில் ஒன்றான செயின்ட் லூயிஸ், க்ளென் ஹாலை எடுத்துக்கொண்டது. அடுத்த வருடம், ஓய்வு பெற்று வீட்டிலிருந்த பிளான்டையும் அழைத்துவந்தது. ஒரே நாற்காலிக்காக அடித்துக்கொண்டிருக்க வேண்டிய இரண்டு பேர், ஒரே அணியில் வேலையைப் பங்கு போட்டுக்கொண்டார்கள். ஹால் முதன்முதலாகக் கவசம் அணிந்து ஆடியது அந்தப் பருவத்தில், 1968 நவம்பரில், அதே நியூயார்க் நகரத்தில். ஆட்டம் தொடங்கிய சில நிமிடங்களில் நடுவரைத் தள்ளிவிட்டு வெளியேற்றப்பட்டார். மிச்ச ஆட்டத்தை ஆடி முடித்தவர் பிளான்ட். மிகக் குறைவாகக் கோல் விட்ட அணியின் கோல்கீப்பர்களுக்கு அப்போது தரப்பட்ட வெசினா விருதை, பருவ முடிவில் இருவரும் சேர்ந்து வாங்கினார்கள். ஒருவருக்கு வயது நாற்பது, மற்றவருக்கு முப்பத்தேழு.

1970 மே மாதம், பாஸ்டனுக்கு எதிரான இறுதித் தொடர். முதல் ஆட்டத்தில் திசை மாறி வந்த ஒரு பக் பிளான்டின் நெற்றியில் மோதி அவரை மயங்கி விழச் செய்தது. கவசம் உடைந்தது. அது இல்லாவிட்டால் நான் செத்திருப்பேன் என்றார் மருத்துவமனையில். நான்காவது ஆட்டத்தில் வலையில் நின்றவர் ஹால். கூடுதல் நேரம் தொடங்கி ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, பாஸ்டனின் பாபி ஆர் கோல் அடித்தார். அடித்த வேகத்தில் கால் தட்டுப்பட, கைகளை விரித்துப் பறவைபோல் காற்றில் கிடந்தார்.

[திரையில்: அந்தப் புகழ்பெற்ற புகைப்படம். அம்புக்குறி ஆர் மீதிருந்து மெதுவாக நகர்ந்து, வலை ஓரத்தில் நிற்பவரிடம் வந்து நிற்கிறது.]

ஐஸ் ஹாக்கியில் இதைவிடப் பேர்பெற்ற படம் கிடையாது. எல்லோரும் பறக்கிறவரைத்தான் பார்ப்பார்கள். இதோ, ஓரத்தில் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு எழ முயல்கிறாரே, அவர்தான் ஹால். அதைப் பற்றிக் கேட்டால், அவன் கீழே விழுவதற்குள் நான் குளித்தே முடித்துவிட்டேன் என்பாராம்.