சிப்பி ஓட்டை மூடிக்கொண்ட பிறகு: தேவகோட்டை ஆச்சியின் கேள்விக்கு விளக்கம்

வணக்கம். இந்த வாரம் வந்த கேள்விகளில் ஒன்றைப் படித்ததிலிருந்து மற்ற எதிலும் மனம் நிற்கவில்லை. தேவகோட்டையிலிருந்து ஓர் ஆச்சி எழுதியிருக்கிறார்: "என் பேத்தி முனைவர் பட்டத்துக்காகக் கடல் சிப்பிகளை ஆராய்கிறாள். சூட்டையும் உப்பையும் கூட்டிக் குறைத்து, அவை எப்படித் தாங்குகின்றன என்று பார்க்கிறாளாம். ஆபத்து வந்தால் சிப்பி ஓட்டை மூடிக்கொள்ளும், அவ்வளவுதானே? இதற்கு ஐந்து வருடமா என்று உறவுக்காரர்கள் கேட்கிறார்கள். என்ன பதில் சொல்வது?"

ஆச்சி, மூடிக்கொள்ளும் என்று எழுதினீர்களே, விஷயமே அங்கேதான் தொடங்குகிறது. நம் நிகழ்ச்சியைத் தொடர்ந்து பார்ப்பவர்களுக்கு நான் எங்கே வரப்போகிறேன் என்று தெரிந்திருக்கும். பவளத்தைப் பற்றிப் பேசியபோதும் இதையே சொன்னேன்: உயிரோடு இருப்பது வேறு, நலமாக இருப்பது வேறு.

சிப்பி செவுள் வழியாக நீரை இழுத்து வடிக்கிறது. மூச்சும் அதில்தான், சாப்பாடும் அதில்தான். ஓட்டை மூடிக்கொண்டால் கெட்ட நீர் உள்ளே வராது; பிராணவாயுவும் வராது, இரையும் வராது. வாசற்கதவைச் சாத்திக்கொண்டு பத்தாயத்து நெல்லிலேயே காலம் தள்ளுகிற வீடு மாதிரி, உடம்பில் சேர்த்துவைத்த கிளைகோஜன் என்ற சர்க்கரைச் சேமிப்பைப் பிராணவாயு இல்லாமலே செலவழிக்கிறது. இதயத்துடிப்பு இறங்குகிறது. அப்படிச் செலவழித்தால் சக்சினிக் அமிலம் போன்ற அமிலங்கள் உள்ளே சேரும். அவற்றை என்ன செய்வது? சிப்பி தன் ஓட்டின் உட்புறத்தையே கொஞ்சம் கரைத்து அந்த அமிலத்தை முறிக்கிறது!

ஓடு என்பது கால்சியம் கார்பனேட். நம் செட்டிநாட்டு வீட்டுச் சுவர்களில் கைவைத்தால் வழுக்குமே, அந்தப் பூச்சுக்குக் கிளிஞ்சல் சுண்ணாம்போடு கடுக்காய் நீரும் முட்டை வெள்ளைக்கருவும் சேர்த்தார்கள் என்று பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். அந்தக் கிளிஞ்சல்தான் இது. ஒரு கிளிஞ்சலை எடுத்து அதன் மேல் எலுமிச்சைச் சாறு விட்டுப் பாருங்கள். பொடிப்பொடியாகக் குமிழ் வரும். அது கரியமில வாயு. மூடிய சிப்பிக்குள் இதே வேதியியல்தான் மெதுவாக நடக்கிறது. வெளியிலிருந்து பார்க்கிறவருக்குச் சிப்பி சும்மா கிடக்கிறது. உள்ளே அது தன் சுவரைக் கரைத்துக்கொண்டிருக்கிறது. உங்கள் பேத்தி பார்ப்பது அந்த உள்பக்கத்தை.

எப்படிப் பார்ப்பார்கள்? ஓர் ஆய்வு மாணவி செய்வதை அருகில் நின்று பார்த்திருக்கிறேன். ஓட்டை மூடுகிற தசைக்குள் மெல்லிய ஊசியைச் செலுத்தி, ஒரு துளி இரத்தத்தை எடுத்தார். நிறமே இல்லாத இரத்தம். அதைக் கண்ணாடித் தகட்டில் வைத்து, நியூட்ரல் ரெட் என்ற சிவப்புச் சாயத்தை விட்டார். இரத்த அணுக்களுக்குள் லைசோசோம் என்ற நுண்பைகள் உண்டு. சாயம் அவற்றுக்குள் போய்ச் சேர்கிறது. பிறகு கடிகாரமும் நுண்ணோக்கியும்தான். நலமான சிப்பியில் இரண்டு மணி நேரம் ஆனாலும் சாயம் பைக்குள்ளேயே நிற்கும். நொந்த சிப்பியில் முக்கால் மணி நேரத்துக்குள் கசிந்து, அணு முழுவதும் சிவந்துவிடும். அந்தச் சிப்பி அப்போதும் உயிரோடுதான் இருக்கிறது. தொட்டால் ஓட்டை மூடுகிறது. உயிரோடு இருப்பது வேறு, நலமாக இருப்பது வேறு என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதற்காகத்தான்.

உப்பின் ஏற்ற இறக்கத்துக்குச் சிப்பி வேறொரு வழி வைத்திருக்கிறது. மழை நீர் புகுந்து உப்பு குறைந்தால், செல்களுக்குள் நீர் ஏறி அவை வீங்கும். உடனே டாரின், கிளைசின் போன்ற அமினோ அமிலங்களை வெளியேற்றிச் சமன் செய்கிறது. உப்பு ஏறினால் திரும்பச் சேர்த்துக்கொள்கிறது. மட்டிக் கறியில் மசாலாவையும் தாண்டி ஓர் இனிப்பு தட்டுகிறதே, அதில் கிளைசினுக்குப் பெரிய பங்கு உண்டு. சமையலில் தேர்ந்த உங்களைப் போன்றவர்களுக்கு இது பிடிக்கும் என்றுதான் சொல்கிறேன்.

சூடு இன்னும் கடுமையானது. சூட்டில் புரதங்கள் உருக்குலையும். அவற்றைச் சீராக்க வெப்ப அதிர்ச்சிப் புரதங்கள் என்று ஒரு படையே உண்டு. 2012இல் பசிபிக் ஆளி என்ற சிப்பி வகையின் மரபணுத் தொகுதி வெளியானபோது, எச்எஸ்பி 70 என்ற ஒரு வகைக்கு மட்டும் அதில் 88 மரபணுக்கள் இருந்தன. மனிதரிடம் 17தான். அவ்வளவு ஆயத்தமான குலத்துக்கும் ஓர் எல்லை இருக்கிறது. 2021 ஜூன் இறுதியில் கனடாவின் மேற்குக் கரையில் வெப்ப அலை அடித்தபோது, நீர் வடிந்த பாறைகளில் சிப்பிகள் வாய் பிளந்து செத்துக் கிடந்தன. அந்தக் கடலோரத்தில் மாண்ட உயிர்கள் நூறு கோடிக்கு மேல் என்று மதிப்பிட்டார்கள்.

ஐந்து வருடம் ஏன் என்றால், சூடும் உப்பு மாற்றமும் ஒவ்வொன்றாக வருவதில்லை. பாக் விரிகுடா ஆழம் குறைந்த கடல். சித்திரையில் காய்கிறது, ஐப்பசி கார்த்திகையில் ஆற்று வெள்ளம் வந்து கலக்கிறது. ஒரு வருடத்துக்கு ஒரு மழைக்காலம்தான். ஒரு மழையைப் பார்த்துவிட்டு முடிவு சொல்ல முடியுமா? கடல் இல்லாத ஊரில் இந்தப் படிப்பு எதற்கு என்றும் சிலர் கேட்பார்கள். கடல் கடந்து பர்மாவுக்கும் மலேயாவுக்கும் கொண்டுவிற்கப் போனவர்களின் ஊர் இது. காரைக்குடி அழகப்பா பல்கலைக்கழகத்தின் கடலியல் துறையே தொண்டியில்தான் இருக்கிறது. தேவகோட்டையில் பஸ் ஏறினால் தொண்டி எவ்வளவு தூரம்?

ஆனால் ஆச்சி, நீங்கள் இதைக் கேட்டிருந்தால் இன்னும் மகிழ்ந்திருப்பேன்: அவள் எடுத்த அளவுகள் பிறகு எங்கே போகின்றன? எட்வர்டு கோல்ட்பர்க் என்ற கடல் வேதியியலாளர் 1975இல் ஒரு யோசனை சொன்னார். சிப்பி இடம் விட்டு நகராது, நீரை வடித்துக்கொண்டே இருக்கிறது, நீரில் உள்ள உலோகங்கள் அதன் உடம்பில் சேர்கின்றன. ஆகவே ஒரே இடத்துச் சிப்பிகளை ஆண்டுதோறும் சோதித்தால் அந்தக் கடலின் நிலை தெரிந்துவிடும் என்றார். அமெரிக்காவில் 1986 முதல் அதைத் தேசியத் திட்டமாகவே செய்கிறார்கள். ஒரு மாணவி ஐந்து வருடம் பாடுபட்டு எடுத்த அளவுகள் ஆய்வேட்டுக்குள் கட்டப்பட்டு அலமாரிக்குப் போய்விட்டால், ஆறாவது வருட ஐப்பசியில் அதே இடத்தில் சிப்பி எடுக்கப்போவது யார்? கழிமுகத்தில் மட்டி பொறுக்கும் பெண்களுக்கும் கீழக்கரையில் சங்கு குளிப்பவர்களுக்கும் அந்த முடிவைத் தமிழில் யார் சொல்வார்கள்? இதை நான் கோபத்தோடுதான் கேட்கிறேன். பேத்தியின் உழைப்பு பெரியது. அது அவளோடு நின்றுவிடக் கூடாது.

அவளிடம் இரண்டு விஷயம் கேட்டு எனக்கு எழுதுங்கள். எந்த வகைச் சிப்பி, எந்த இடத்தில் எடுத்தது? அவளுக்குப் பிறகு அதே இடத்தில் யாராவது தொடர்கிறார்களா? பதில் வந்ததும் இங்கேயே வாசிக்கிறேன். அடுத்த கேள்வி புதுவயலிலிருந்து வந்திருக்கிறது, நண்டைப் பற்றி.