மீன் இல்லாத குளம்

அவையில் கூடியிருக்கும் பெரியோர்களே, நண்பர்களே, வணக்கம்.

அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலத்தில் சியரா நெவாடா என்றொரு மலைத்தொடர் இருக்கிறது. அதன் உச்சிப் பகுதிகளில், மரங்கள்கூட வளரத் தயங்கும் உயரத்தில், ஆயிரக்கணக்கான சிறு குளங்கள் கிடக்கின்றன. பழங்காலப் பனியாறுகள் பாறையைக் குடைந்துவிட்டுப் போன பள்ளங்கள் அவை. யோசெமிட்டி, கிங்ஸ் கேன்யன் ஆகிய தேசியப் பூங்காக்களின் எல்லைக்குள் பல குளங்கள் பாதுகாப்பாக இருக்கின்றன. பாதுகாப்பாக இருந்தும் அவற்றின் உயிர்கள் ஏன் அழிந்தன என்பதைத்தான் இன்று உங்கள் முன் வைக்க விரும்புகிறேன்.

இந்தக் குளங்களில் இயற்கையாக மீன் கிடையாது. கீழே ஓடும் ஆறுகளில் டிரௌட் மீன்கள் உண்டு. செங்குத்தான அருவிகளைத் தாண்டி அவற்றால் மேலே வர முடியவில்லை. அதனால் அந்த நீர் ஒரு தவளைக்குச் சொந்தமாக இருந்தது. மஞ்சள் கால் மலைத்தவளை என்று அதைச் சொல்லலாம். உள்ளங்கைக்குள் அடங்கும் உடல். கையில் எடுத்தால் பூண்டு வாசனை வீசும். ஆண் தவளை தண்ணீருக்கு அடியிலிருந்தே குரல் கொடுக்கும்.

அதன் தலைப்பிரட்டையைக் கொஞ்சம் கவனியுங்கள். நம் வயல்களில் மழைக்குப் பிறந்த தலைப்பிரட்டை சில வாரங்களில் கால் முளைத்துக் கரையேறிவிடுகிறது. அந்த மலையில் கோடை மிகக் குறுகியது, நீரோ கடுங்குளிர். ஒரு கோடை போதாது. இரண்டு, மூன்று, சில இடங்களில் நான்கு ஆண்டுகள் வரை அது தலைப்பிரட்டையாகவே இருக்கிறது. ஆண்டில் ஒன்பது மாதம் வரைகூட உறைந்த பனிக்கட்டிக்கு அடியில் காத்துக்கிடக்கிறது. ஆகவே கோடையில் வற்றாத, குளிர்காலத்தில் அடிவரை உறையாத ஆழமான குளம் அதற்குக் கட்டாயம் வேண்டும். மீனுக்கும் அதே குளம்தான் வேண்டும். வினை அங்கேதான் பிறந்தது.

பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே கோவேறு கழுதைகளின் முதுகில் டிரௌட் குஞ்சுகளை ஏற்றிச் சென்று அந்தக் குளங்களில் விட்டார்கள். பிற்பாடு விமானத்திலிருந்தே கொட்டினார்கள். தூண்டில் போடுகிறவர்கள் மகிழட்டும் என்ற எண்ணம்தான். தீய நோக்கம் யாருக்கும் இல்லை. மீன் இல்லாத குளம் அவர்கள் கண்ணுக்குக் குறையுள்ள குளமாகத் தெரிந்தது. நீலகிரிக்கு ஆங்கிலேயர் டிரௌட் கொண்டுவந்து, அவலாஞ்சியில் குஞ்சு பொரிக்கும் பண்ணை வைத்ததும் இதே ஆசையில்தான்.

மீன் தலைப்பிரட்டையைத் தின்றது. அதோடு நிற்கவில்லை. நம் ஊர் ஈசலைப் போல ஒரே சமயத்தில் கூட்டமாகச் சிறகு விரிக்கும் மேஃபிளை என்னும் பூச்சியின் புழுக்களையும் தின்று தீர்த்தது. அந்தப் பூச்சியைத் தேடி வரும் ரோஸி ஃபிஞ்ச் குருவிகள் மீன் உள்ள குளங்களின் பக்கம் குறைந்தன. தவளையை இரையாகக் கொண்ட கார்ட்டர் பாம்புகளும் குறைந்தன. தண்ணீருக்குள் விட்ட மீன், வானத்துக் குருவியின் வாய்ச்சோற்றைப் பறித்தது என்பதைப் படித்தபோது எனக்கு மனம் கனத்தது.

1990களில் கிங்ஸ் கேன்யன் பூங்காவில் சில குளங்களிலிருந்து மீன்களை வலை போட்டு அகற்றிப் பார்த்தார்கள். சில ஆண்டுகளிலேயே தவளைகள் பெருகின. என்ன ஒரு நிம்மதி! ஆனால் அடுத்த அடி விழுந்தது. கைட்ரிட் என்னும் பூஞ்சை நோய் தவளைகளின் தோலைத் தாக்கி, குளம் குளமாகக் கொன்று குவித்தது. பழைய வாழிடங்களில் பத்தில் ஒன்பதுக்கு மேல் தவளை அற்றுப்போன நிலையில், 2014இல் அது அருகிவரும் உயிரினமாக அறிவிக்கப்பட்டது.

நம்பிக்கையும் அங்கிருந்தே வந்தது. யோசெமிட்டியில் நோயைத் தாங்கிப் பிழைத்த சில கூட்டங்கள் இருந்தன. அவற்றிலிருந்து தவளைகளை எடுத்து, அற்றுப்போன குளங்களில் விட்டார்கள். பூஞ்சை அங்கே இன்னும் இருக்கிறது. ஆனாலும் பல குளங்களில் அவை நிலைத்து இனம் பெருக்குகின்றன. இந்த முடிவுகள் 2024இல் வெளியாயின.

மீன்களை அகற்றுவதைத் தூண்டில்காரர்கள் சிலர் எதிர்க்கிறார்கள். அவர்களுக்கு ஏரிகள் ஏராளம் மிஞ்சியிருக்கின்றன. தவளைக்கு அப்படி இல்லை. பனி குறைந்த ஆண்டுகளில் ஆழமற்ற குளங்கள், தலைப்பிரட்டை கால் முளைக்குமுன்பே வற்றிவிடுகின்றன. வற்றாத ஆழக் குளங்களில் பெரும்பாலானவற்றை இன்றும் டிரௌட் மீன்களே ஆள்கின்றன. அடுத்த வலை அங்கேதான் விழ வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.