ஆடுவதற்கென்றே தைத்த உடை

நண்பர்களே,

சென்னையில் தையல் கற்கிற உங்களிடம் பாடிமேப் என்ற லண்டன் உடை கம்பெனியைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். காரணம் துணிதான். அவர்கள் வெட்டியது பின்னல் துணி. திருப்பூரிலிருந்து நமக்கு வருகிற பனியன் துணிக்கு அது உறவுக்காரன்.

முதலில் அந்த ஊரின் இரவுகளைச் சொல்ல வேண்டும். 1979-இல் கோவென்ட் கார்டன் பக்கம் பிளிட்ஸ் என்ற இடத்தில் செவ்வாய்க்கிழமைதோறும் கிளப் நடந்தது. வாசலில் அதை நடத்திய ஸ்டீவ் ஸ்ட்ரேஞ்ச் நிற்பார். உடையில் கற்பனை இல்லையென்றால் உள்ளே விடமாட்டார். வந்தவர்களில் பலர் கையில் காசில்லாத இளைஞர்கள், கலைக்கல்லூரி மாணவர்கள். பழைய துணியை வெட்டி ஒட்டித் தாங்களே தைத்துப் போட்டுக்கொண்டு வந்தார்கள்.

அந்தக் கிளப் உலகத்தின் பிள்ளைதான் பாடிமேப். மிடில்செக்ஸ் பாலிடெக்னிக்கில் ஒன்றாகப் படித்த டேவிட் ஹோலாவும் ஸ்டீவி ஸ்டூவர்ட்டும் 1982-இல் தொடங்கினார்கள். ராத்திரி முழுக்க ஆடுகிறவருக்கு நெசவுத் துணியில் இறுக்கமாகத் தைத்தால் என்ன ஆகும்? அக்குளில் கிழியும். பின்னல் துணி உடம்போடு இழுபடும், மறுபடி சுருங்கும். அதை அடுக்கடுக்காகப் போட்டார்கள், இடையிடையே ஓட்டை வெட்டி உடம்பைக் காட்டினார்கள். ஹில்டே ஸ்மித் அதற்கு பிரிண்ட் வரைந்தார். நடனக் கலைஞர் மைக்கேல் கிளார்க்கின் மேடைக்கும் இவர்கள்தான் உடை தைத்தார்கள்.

எனக்கு மிகப் பிடித்தது அவர்களுடைய ஷோ. தொழில்முறை மாடல்களோடு நண்பர்கள், குழந்தைகள், பெற்ற அம்மாக்கள், குண்டானவர்கள் எல்லோரும் நடந்தார்கள். கிளப்பில் யார் பக்கத்தில் ஆடினார்களோ அவர்களுக்காகத் தைத்தது, அவர்கள் மேலேயே வந்தது. அந்த அன்பை நான் வேறு கம்பெனிகளில் அதிகம் பார்த்ததில்லை.

1980-களின் நடுவிலேயே பணச் சிக்கல் வந்துவிட்டது. இது சின்ன உடை கம்பெனிகளுக்கெல்லாம் வருகிற நோய். துணிக்கும் கூலிக்கும் இன்று காசு கொடுக்க வேண்டும், கடைக்காரர் தருவது மாதங்கள் கழித்து. நான் வேலை பார்த்த முதல் யூனிட்டும் கை நிறைய ஆர்டர் இருக்கும்போதுதான் மூடியது. அந்த வலி எனக்குத் தெரியும். அதனால் முன்பணம் வாங்காமல் துணியில் கத்திரி வைக்காதீர்கள்.

சரி, மேஜையில் ஆளுக்கு ஒரு மீட்டர் பனியன் துணி வைத்திருக்கிறேன். உடையின் ஒரு கை மட்டும் வெட்டி இணையுங்கள். போட்டுக்கொண்டு இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்குங்கள். எங்கே பிடிக்கிறது என்று சொல்லுங்கள், அங்கிருந்து ஆரம்பிக்கலாம்.