மரத்தைத் தின்னும் பூஞ்சைகள்: எதை எந்த வகையில் சேர்ப்பது?

நேயர்களுக்கு வணக்கம்.

கன்னியாகுமரி மாவட்டத்தில் குலசேகரம், அருமனை, களியக்காவிளைப் பக்கம் இடவப்பாதி மழை, அதாவது தென்மேற்குப் பருவமழை, தொடங்கி இரண்டு வாரம் கழித்து ஏதாவது ஒரு அறுப்பு மில் முற்றத்தைப் பாருங்கள். அடுக்கிக் கிடக்கும் ரப்பர் தடிகளின் வெட்டுமுகத்தில் மை கொட்டியதுபோலக் கருநீலக் கறை இருக்கும். பட்டையின்மேல் சின்னச்சின்ன வெள்ளை விசிறிகள் முளைத்திருக்கும். "தடி உளுத்துப்போச்சு" என்பார்கள். உண்மையில் உளுக்கவில்லை. உளுப்பு வண்டின் வேலை. வட்டமான பொடித் துளையும், தட்டினால் மாவாகக் கொட்டுகிற தூளும் அதற்கு அடையாளம். பூஞ்சை துளை போடாது.

அந்த நீலக்கறையும் மக்கல் அல்ல. ரப்பர் தடியில் அதைப் பெரும்பாலும் உண்டாக்குவது லேசியோடிப்ளோடியா என்ற பூஞ்சை. செல்லுக்குள் இருக்கும் சர்க்கரையையும் மாவுச்சத்தையும் அது தின்னும், செல் சுவரைப் பெரிதாகத் தொடாது. பலகையின் பலம் ஏறக்குறைய அப்படியே நிற்கும், விலைதான் போகும். அதனால்தான் வெட்டிய தடியைக் கிடத்தி வைக்காமல் உடனே அறுத்து, போராக்ஸும் போரிக் அமிலமும் கலந்த கரைசலை அழுத்தத்தில் ஏற்றி, பிறகு உலர்த்துகிறார்கள். அந்த மருந்து மழைநீரில் கரைந்து வெளியேறிவிடும். ஆகவே அந்தப் பலகை வீட்டுக்குள் மட்டுமே பயன்படும்.

உண்மையான மக்கல் மூன்று விதம். மரத்தை ஒரு கான்கிரீட் தூண் என்று வைத்துக்கொள்ளுங்கள். செல்லுலோஸ் கம்பி, லிக்னின் சிமெண்ட். பழுப்பு மக்கல் பூஞ்சை கம்பியைத் தின்றுவிட்டு சிமெண்டை விட்டுவிடும். மரம் பழுப்பாகி, காய்ந்ததும் கட்டம் கட்டமாக வெடிக்கும், விரலால் நசுக்கினால் பொடியாகும். இதில் ஏமாற்றம் என்னவென்றால், எடை நூற்றுக்கு ஐந்து பத்து குறைவதற்குள் பலம் பாதிக்குமேல் போயிருக்கலாம். கண்ணுக்கு மரம் நன்றாகவே தெரியும். பைன் போன்ற ஊசியிலை மரங்களில் இது அதிகம்.

வெள்ளை மக்கல் சிமெண்டையும் சேர்த்துத் தின்னும். மரம் வெளுத்து, நாராகவோ பஞ்சாகவோ ஆகும், கட்டமாக வெடிக்காது. பலா, மா, ரப்பர் என்று நம் பக்கத்து மரங்களில் பெரும்பாலும் இதுதான். மூன்றாவது மென்மக்கல். மண்ணில் நட்ட வேலிக்கால், எப்போதும் நனைகிற பலகை ஆகியவற்றின் மேற்புறம் மட்டும் குழைந்திருக்கும், நகத்தால் சுரண்டினால் வரும். கீட்டோமியம் போன்ற, குடைவிரிக்காத நுண்பூஞ்சைகள் இதைச் செய்கின்றன. 1954-ல் சாவரி என்பவர் இதற்குத் தனிப்பெயர் வைத்தார்.

புதிதாகப் பார்ப்பவர்கள் வழுக்குகிற இடம் ஒன்று உண்டு. காளானின் நிறம் வேறு, மக்கலின் நிறம் வேறு. தென்னை அடிமரத்தில் அரக்குப் பூசியதுபோலச் சிவந்த பழுப்பில் முளைக்கும் கானோடெர்மா, அதாவது தஞ்சாவூர் வாடல் நோயைத் தருவது, வெள்ளை மக்கல் வகை. மஞ்சளாக அடுக்கடுக்காக வரும் லேட்டிபோரஸ் பழுப்பு மக்கல் வகை.

இனி பெயர் வைக்கும் கதை. 1821-ல் ஸ்வீடன் நாட்டுப் பூஞ்சை ஆராய்ச்சியாளர் ஃப்ரீஸ், காளானின் அடிப்புறத்தைப் பார்த்துப் பிரித்தார். துளை இருந்தால் ஒரு கூட்டம், செவுள் (மெல்லிய தகடுகள்) இருந்தால் ஒரு கூட்டம், பல் இருந்தால் வேறு. எளிது, ஆனால் ஒட்டாத உறவெல்லாம் ஒரே வீட்டில் குடியேறின. 1932-ல் கார்னர் என்ற ஆராய்ச்சியாளர், காளானின் உடலை ஆக்கும் நுண்ணிய இழைகளைப் பார்க்கச் சொன்னார். மெல்லிய சுவருள்ள வளரும் இழை மட்டுமா, தடித்த தாங்கு இழையும் உண்டா, கிளைத்துப் பின்னும் கட்டு இழையும் உண்டா என்று. ட்ராமீட்டிஸ் என்ற மரக்காளானில் மூன்றும் உண்டு. அதனால்தான் அதைக் கிழிக்க முயன்றால் தோல்போல இழுக்கிறது. பிறகு மரபணு வந்தது. பழுப்பு மக்கல் ஒரே குலம் அல்ல, வெள்ளை மக்கல் செய்த முன்னோரிடமிருந்து பலமுறை தனித்தனியே பிரிந்தது என்று அது காட்டியது.

இப்போது அந்த வெள்ளை விசிறிக்கு வருவோம். பெயர் ஷிசோபில்லம். கவிழ்த்துப் பாருங்கள். ஒவ்வொரு செவுளின் விளிம்பும் நீளவாக்கில் இரண்டாகப் பிளந்திருக்கும். வெயிலில் அந்தப் பிளவுகள் வெளிப்பக்கம் சுருண்டு மூடும். தண்ணீர் தெளித்து வைத்தால் மறுபடி விரியும். இதை வெள்ளை மக்கல் என்றே எழுதி வந்தார்கள். ஆனால் அதன் மரபணுத் தொகுதியில் லிக்னினை உடைக்கும் முக்கியமான பெராக்சிடேஸ் நொதிகள் இல்லை. இரண்டு வகைக்கும் நடுவே நிற்கிறது. மக்கல் வகை என்பது தொழிலாளிக்கான பிரிப்பு, குலம் என்பது ஆராய்ச்சியாளருக்கான பிரிப்பு. ஒன்றின் பட்டியலில் மற்றதைத் தேடினால் குழப்பம்தான்.

கையில் ஒரு மாதிரி கிடைத்தால் என்ன செய்வது? மரத்தில் குத்தூசியைச் செருகி நெம்புங்கள். நீளச் சிம்பாக எழும்பினால் மரம் நல்லது, 'டப்' என்று குட்டையாக ஒடிந்தால் மக்கல் தொடங்கிவிட்டது. காளானின் சதையில் 5 சதவீத பொட்டாசியம் ஹைட்ராக்சைடு ஒரு துளி விடுங்கள், கையில் படாமல். கருத்தால் ஃபெல்லினஸ் என்ற மரக்காளான் கூட்டத்தைச் சந்தேகிக்கலாம். ஆய்வகம் இருந்தால் பாவெண்டாம் சோதனை: 0.5 சதவீத காலிக் அல்லது டானிக் அமிலம் கலந்த ஊடகத்தில் வளர்த்தால், வெள்ளை மக்கல் பூஞ்சையைச் சுற்றிப் பழுப்பு வளையம் வரும். விதிவிலக்குகள் உண்டு, அதை மட்டும் நம்பிப் பெயர் எழுதாதீர்கள்.

மாதிரியை பிளாஸ்டிக் பையில் கொண்டுவந்தால் மறுநாள் வேறு பூசணம் மூடிவிடும். காகிதப் பை போதும். பையின்மேல் மரத்தின் பெயர், உயிர் மரமா பட்ட மரமா, வேரா அடியா கொம்பா, கீழே மரம் வெளுத்ததா பழுப்பானதா என்று அங்கேயே எழுதிவிடுங்கள். காளானை மட்டும் பிய்க்காமல், அது ஒட்டியிருந்த மக்கிய மரத்திலும் உள்ளங்கை அளவு ஒரு துண்டைச் சேர்த்து வையுங்கள்.

நன்றி, வணக்கம்.